மண்ணில் கிடைத்த மருந்தும் சர்க்கரை மாத்திரையும்

சொட்டுநீர்க் குழாயில் உப்புப் படிந்தால் நீர் குறைவதைத் திண்டுக்கல் தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள். விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதயத் தமனிக்கும் ஏறத்தாழ இதே விதிதான்.

1977இல் சூரிக் நகரில் குருன்ட்சிக் பலூனால் அடைப்பை விரித்தார். 1986இல் பிரான்சில் புயெலும் சுவிட்சர்லாந்தில் சிக்வார்ட்டும் ஸ்டென்ட் என்னும் கம்பி வலைக்குழலைப் பொருத்தினர். ஆனால் காயம் ஆறும்போது செல்கள் மிகுதியாக வளர்ந்து மீண்டும் அடைத்தன. சர்க்கரை நோயாளிகளுக்கு இத்தொல்லை அதிகம்.

ஈஸ்டர் தீவில் 1964இல் திரட்டிய மண்ணின் நுண்ணுயிரிலிருந்து, பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்த சுரேன் சேகலின் குழு, கனடாவில் ராபமைசினைப் பிரித்தெடுத்தது. 1999இல் பிரேசிலில் அம்மருந்து பூசிய ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. செல் வளர்ச்சி அடங்கியது. ஆனால் கம்பியை உட்படலம் மூடுவதும் தாமதமாயிற்று. மூடாத கம்பியில் ரத்தம் உறையக்கூடும் அல்லவா?

1957இல் பாரிசில் ஸ்டெர்ன் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்திக் காட்டிய மெட்ஃபார்மினும் செல் பெருக்கத்தை அடக்கவல்லது. ராபமைசின் வகையைச் சேர்ந்த மருந்தும் மெட்ஃபார்மினும் சேர்ந்தபோது உட்படலம் மேலும் தாமதமாக மூடியதை, 2013இல் வெளியான முயல் ஆய்வு காட்டியது. முயலில் கண்டது மனிதருக்கு முடிந்த தீர்ப்பாகாது. ஆகவே வாசகர்களே, சர்க்கரை மாத்திரையையும் ரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரையையும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.