எவரும் திறந்து படித்த ரகசியக் கோப்பு

1970களில் தொடங்கி 1980களின் இறுதிவரை, யூனிக்ஸ் கணினியில் கணக்கு வைத்திருந்த எவரும் மற்ற எல்லாருடைய கடவுச்சொல்லையும் குறியாக்கம் செய்த வடிவில் திறந்து படிக்கலாம். நகலெடுத்து வீட்டுக்கும் கொண்டுபோகலாம். கவனக்குறைவால் நேர்ந்த ஓட்டை அல்ல இது. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸை வடிவமைத்தவர்கள் தெரிந்தே அந்தக் கோப்பைத் திறந்து வைத்தார்கள். பூட்டு பலமாக இருக்கிறது என்று பெட்டியைத் தெருவில் வைத்த கதைதான். குறியாக்கத்தின் வலு, கோப்பின் அனுமதியைப் பற்றி யோசிக்காமல் இருக்க ஒரு சாக்காகிவிட்டது. அந்தச் சாக்கைக் கைவிடப் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

திறந்து வைத்ததற்கு நியாயம் இல்லாமல் இல்லை. அதே கோப்பில்தான் பயனரின் பெயரும் எண்ணும் அவருடைய வீட்டு அடைவின் முகவரியும் இருந்தன. ஒரு கோப்பு யாருடையது என்று பெயர் சொல்லிக் காட்ட வேண்டிய சாதாரணக் கட்டளைகூட அதைப் படித்தாக வேண்டும். இன்னொரு காரணம் அனுபவத்தில் கற்றது. எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். கணினி அமைப்பில் 1960களில் நடந்த விபத்தை பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் எழுதிய கட்டுரையில் நினைவுகூர்ந்தார்கள். ஒரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பையும், இன்னொருவர் அன்றாட அறிவிப்பையும் ஒரே வேளையில் திருத்திக்கொண்டிருக்க, இருவருடைய தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிவிட்டன. அதன்பின் உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதில் கடவுச்சொற்களே முனையத்தில் அச்சாகி வந்தன. அனுமதியை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும், ஆகவே கோப்பு வெளியே போனாலும் தாங்கும்படி குறியாக்கம் இருக்க வேண்டும் என்றார்கள். சரியான பாடம். ஆனால் ‘போனாலும் தாங்க வேண்டும்’ என்பது நடைமுறையில் ‘போனால் போகட்டும்’ என்று ஆனதுதான் கோளாறு.

அவர்கள் செய்த பூட்டு அந்தக் காலத்துக்கு உண்மையிலேயே கெட்டிதான். டி.இ.எஸ். என்ற குறியாக்க முறையைச் சற்று மாற்றி, 25 தடவை அடுத்தடுத்து ஓட்டி, ‘சால்ட்’ எனும் 12 பிட் தற்செயல் எண்ணைச் சேர்த்தார்கள். ஒரே கடவுச்சொல்லுக்கு 4,096 வடிவங்கள் சாத்தியமானதால், முன்கூட்டியே பட்டியல் போட்டு வைப்பது கடினமாயிற்று. ஆனால் அதே கட்டுரையிலேயே எதிர்ச்சான்றும் இருக்கிறது. அவர்கள் திரட்டிப் பார்த்த 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 விழுக்காடு, மிகக் குறுகியவை அல்லது அகராதியிலோ பெயர்ப்பட்டியலிலோ இருந்தவை. பூட்டை உடைக்காமலே சாவியை ஊகிக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கணினிகளின் வேகம் கூடக்கூட ஊகிக்கும் செலவு குறைந்துகொண்டே போகும் என்பதும் தெரிந்ததே.

1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய புழுநிரல் அந்த ஊகிப்பைச் செய்து காட்டியது. அது போன இடத்திலெல்லாம் கடவுச்சொல் கோப்பைத் திறந்தது; பயனர் பெயரையும், தன்னுள் வைத்திருந்த 432 சொற்களையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தது. எழுதியவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ், அந்த 1979 கட்டுரையாசிரியரின் மகன். மற்ற ஓட்டைகளையும் அது பயன்படுத்தியது என்பதால் பழியெல்லாம் இந்தக் கோப்பின் மேல் விழாது. ஆனாலும், ஏற்கெனவே சில இடங்களில் தலைகாட்டியிருந்த, கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் மறைக்கும் ‘ஷேடோ’ ஏற்பாட்டைத் தள்ளிப்போட இனி யாருக்கும் காரணம் இல்லை. யூனிக்ஸின் சிஸ்டம் ஃபைவ் 3.2 பதிப்பில் அது இடம்பெற்றிருந்தது. 1990இல் பெர்க்கிலி யூனிக்ஸின் ரீனோ வெளியீட்டிலும் வந்தது. பெயரும் எண்ணும் பழைய கோப்பிலேயே இருக்க, குறியாக்கம் செய்த கடவுச்சொல் மட்டும் நிர்வாகிக் கணக்கான ‘ரூட்’ தவிர எவரும் படிக்க முடியாத தனிக் கோப்புக்கு மாறியது. செலவு வேறு இடத்தில் விழுந்தது: திரையைப் பூட்டும் சிறு நிரலுக்குக்கூட இப்போது கூடுதல் அதிகாரம் தேவைப்பட்டது. 1995இல் சன் நிறுவனம் முன்வைத்த ‘பாம்’ என்ற ஏற்பாடு, கடவுச்சொல் சரிபார்க்கும் முறையை ஒவ்வொரு நிரலிலிருந்தும் பிரித்து ஓரிடத்தில் வைத்தது.

மறைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது என்று குறியாக்கவியல் அறிந்தவர்கள் ஆட்சேபிக்கலாம். குறியாக்க அறிஞர் கெர்க்காஃப்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே சொன்னதல்லவா? அவர் திறந்திருக்கலாம் என்றது முறையை; சாவியை அல்ல. ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லின் குறியாக்கம், சாவியின் அச்சுக்குச் சமம்.

அனுமதியை விட்டுவிட்டுப் பூட்டை மட்டும் வலுப்படுத்தினால் போதும் என்பவர்கள் 2021 ஜூலையைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்தே, கடவுச்சொல் ஹேஷ்கள், அதாவது குறியாக்கிய வடிவங்கள், இருக்கும் ‘சாம்’ கோப்பைச் சாதாரணப் பயனரும் படிக்க அனுமதி இருந்தது அப்போதுதான் வெளிவந்தது. அந்த ஹேஷ்களை மூடிய சாவி ‘சிஸ்டம்’ கோப்பில். அதற்கும் அதே அனுமதி. ஓடும் கணினி அவற்றைப் பிடித்து வைத்திருந்தாலும், விண்டோஸ் தானாக எடுக்கும் வட்டு நகல்கள் (இவற்றுக்கும் ‘ஷேடோ’ என்றே பெயர்; யூனிக்ஸ் ஏற்பாட்டோடு தொடர்பில்லை) வழியாகப் படிக்க முடிந்தது. அங்கே ஹேஷுக்கு சால்ட்டும் கிடையாது; பல இடங்களில் உடைக்காமல் அப்படியே நீட்டினாலே கதவு திறக்கும். மைக்ரோசாஃப்ட் ஆகஸ்டில் வெளியிட்ட திருத்தம் அனுமதியைச் சரிசெய்தது. ஆனால் பழைய நகல்கள் பழைய அனுமதியோடே கிடந்ததால், அவற்றை நிர்வாகிகள் தாங்களே தேடி அழிக்க வேண்டியிருந்தது.