கேட்டால்தானே தெரியும்: சைக்கிளும் பத்து வெள்ளியும்

 

போன வாரம் கோயில் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. இந்த வருஷத் திருவிழாவில் மிச்சமான பணத்தை என்ன செய்வது? ஒருவர் மண்டபத்துக்குப் புது டைல்ஸ் போடலாம் என்றார். இன்னொருவர் வழக்கம்போல அரிசி, எண்ணெய் பொட்டலம் கொடுப்போம் என்றார். நான் சொன்னேன், "முதல்ல சனங்ககிட்ட போய்க் கேப்போம், அப்புறம் முடிவு பண்ணலாம்." ஒரு அண்ணன் சிரிச்சிட்டார். "நம்ம சனம்தானே, நமக்குத் தெரியாததா?" என்றார்.

அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதுக்கு முன்னாடி நம்ம பழைய வரலாற்றைக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது. எனக்குப் பெரிய படிப்பு இல்லை, எஸ்.பி.எம். தான். பகலில் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. ராத்திரியில் படித்ததையும், அப்பாவிடம் கேட்டதையும் வைத்து எழுதுகிறேன்.

நம்ம தாத்தா பாட்டிகள் கங்காணி கூட்டி வந்து தோட்டத்துக்கு வந்தவர்கள். லயத்து வீடு, விடியற்காலைப் பெரட்டு, ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, ஒரு மாரியம்மன் கோயில், இதுதான் உலகம். இவங்களுக்கு என்ன தேவை என்று வெளியே இருந்து வந்து பார்த்தவர்களும் உண்டு. 1936 கடைசியில் இந்திய அரசாங்கம் சீனிவாச சாஸ்திரியாரை மலாயாவுக்கு அனுப்பியது. பெரிய மனிதர், நல்ல பேச்சாளர். பல தோட்டங்களைப் பார்த்தார். 1937-ல் அவர் அறிக்கை வந்தது. மொத்தத்தில் நிலைமை பரவாயில்லை என்ற மாதிரிதான் எழுதியிருந்தார். இங்கே இருந்த மலாயா இந்தியர் மத்திய சங்கத்தாருக்கு அதில் திருப்தி இல்லை. மறுவருஷம், 1938-ல், இந்தியாவே தோட்டக் கூலிகளை இங்கே அனுப்புவதை நிறுத்திவிட்டது.

அவர் வந்து போய் நாலு வருஷத்தில், 1941-ல், சிலாங்கூரில் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் அதில் முன்னே நின்றவர். தொழிலாளிகள் வைத்த கோரிக்கைகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சம்பளம் கேட்டார்கள், அது எல்லாரும் நினைப்பதுதான். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கேட்டார்கள். மருத்துவ வசதி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்து பார்த்துவிட்டுப் போக அனுமதி கேட்டார்கள். அதோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை.

சைக்கிள்! வெளியே இருந்து வந்த எந்தப் பெரிய மனிதர் இதை யோசித்திருப்பார்? துரையைப் பார்த்ததும் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு நின்ற மனுஷனுக்குத்தான் அந்த வலி தெரியும். வயிற்றுப் பசி மட்டும் தேவை இல்லை, மானமும் ஒரு தேவை. அந்தப் போராட்டத்தைச் சிப்பாய்களை வைத்து அடக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

அடுத்தது நம்ம கெடா கதை. ஜப்பான்காரன் காலம் முடிந்ததும் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படை அமைத்தார். பெண்டாங்கிலிருந்து தெற்கே குருண் தாண்டினால் பீடோங். சாமி தோட்டத்துக்குள்ளேயே வாழ்ந்தவர். சம்பள நாளில் பாதிக் கூலி கள்ளுக்கடைக்குப் போவதையும், அன்றைக்கு ராத்திரி லயத்தில் என்ன சத்தம் கேட்கும் என்பதையும் அறிந்தவர். அதனால் அவர் முதலில் கையில் எடுத்தது கள்ளு. 1946, 47-ல் தொண்டர் படை கெடா தோட்டங்களில் பரவியது. 1947 தொடக்கத்தில் பீடோங் பக்கம் போலீசாரோடு மோதல் வந்து, அங்கேயும் உயிர் போனது. ஆனாலும், எந்த இடத்தில் வலிக்கிறது என்று தெரிந்து கைவைத்த இயக்கம் அது.

இப்போது பத்து வெள்ளிக் கதைக்கு வருகிறேன்.

1950-களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்க ஆரம்பித்தார்கள். வாங்கினவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்று சொல்வோம். அந்தக் காலக் கணக்கில் 100 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால்தான் தோட்டம். அதற்குக் கீழே போனால் சிறு நிலம். சிறு நிலத்துக்காரர் லயம் வைத்துக் காப்பாற்ற மாட்டார், ஆயாக்கொட்டகை நடத்த மாட்டார். அவருக்கு நாலு ஆள் போதும், அதுவும் குத்தகைக்காரர் மூலமாக. தோட்டத்துப் பிள்ளைகளுக்கான தமிழ்ப்பள்ளி கேள்விக்குறி. கோயில் நின்ற மண்ணுக்குப் பட்டா நம்ம பேரில் கிடையாது. வேலை போனால் வீடும் போச்சு, ஏனென்றால் வீடு வேலையோடு ஒட்டினது. இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் தலைமையில் ஆராய்ந்து, 1962-ல் அறிக்கை வந்தது.

அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர் பிறகு துன் பட்டம் பெற்ற வீ.தி. சம்பந்தன். தொழிலாளிக்கு நிவாரணம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். கப்பல் டிக்கெட் எடுத்துக்கொடுத்து ஊருக்குப் போகச் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சனங்களுக்கு வேண்டியது வேலையும் கூரையும் ஒன்றாக நிலைப்பது. அது நடக்கணும் என்றால் தோட்டமே தொழிலாளிக்குச் சொந்தமாகணும். 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி. ஏழைத் தொழிலாளி ஒரே தடவையில் எங்கே போவான்? மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்று வைத்தார்கள். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி ஆள் சேர்த்தார்.

எங்க அப்பா சொல்லுவார், "அன்னைக்குப் பத்து வெள்ளின்னா மூணு நாள் கூலிக்கு மேலேடா. அம்மாவுக்கும் எனக்கும் அதுக்குச் சண்டையே வந்துச்சு." ஆனாலும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எது தெரியுமா? நம்ம கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம், 1961-ல். நேற்று வரைக்கும் துரை முன்னால் தலை குனிந்து நின்ற சனம், தோட்டத்தில் பங்குக்காரர் ஆனது. அதற்கு அப்புறம் இன்னும் பல தோட்டங்களை வாங்கினார்கள். 1979-ல் அவர் காலமானார். பிறகு அவர் துணைவியார் தோ புவான் உமா சம்பந்தன் பல வருஷம் சங்கத்தை நடத்தினார்.

எல்லாம் காப்பாற்றப்பட்டது என்று சொல்ல மாட்டேன். துண்டான தோட்டங்கள் ஏராளம். எங்க தோட்டமும் அப்படித்தான் போனது. எனக்கு அப்போ ஒன்பது வயசு. லோரியில் சாமான் ஏற்றும்போது பாட்டி கோயில் மண்ணை ஒரு துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு எண்ணெய்ப்பனை வந்தது, தாமான் வந்தது. நாம் பட்டணத்து ஓரங்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் சிதறினோம்.

இங்கேதான் இன்றைய சிக்கல். தோட்டத்தில் இருந்தப்போ எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று விடிவதற்குள் லயம் பூராவும் தெரியும். இப்போ பெண்டாங் மாதிரி நெல் வயலும் கம்பமும் நிறைந்த மாவட்டத்தில் நாம் கொஞ்சம் பேர்தான், அதுவும் அங்கே ரெண்டு வீடு, இங்கே மூணு வீடு. வெள்ளிக்கிழமை பூஜையில் முகத்தைப் பார்க்கிறோம். கதவுக்கு உள்ளே என்ன என்று தெரியாது.

ரெண்டு வருஷம் முன்னாடி தீபாவளிக்குப் பொட்டலம் கொடுக்கப் போனேன். ஒரு பாட்டி வீடு. எழுபது வயசுக்கு மேல், தனியாக இருக்கிறார். பொட்டலத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார், "அரிசி இருக்குப்பா. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பொண்ணு கூட சமைச்சுக் குடுக்குது. எனக்கு இந்த ஐசியைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல." எடுத்துக் காட்டினார். சிவப்பு ஐசி. பிறந்தது இதே கெடாவில் ஒரு தோட்டத்தில். பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை, புருஷனும் போய்ட்டார், சாட்சி சொல்ல ஆள் இல்லை. ஓட்டு இல்லை, அரசாங்க உதவிப் பணம் பலதும் இல்லை. "யார்கிட்டப்பா கேக்குறது? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே" என்றார்.

இருபது வருஷமா அந்தப் பாட்டி நம்ம கோயில் தூண் ஓரமாக உட்கார்ந்து சாமி கும்பிடுகிறார். நான் எத்தனையோ தடவை பிரசாதம் கொடுத்திருக்கேன். ஒரு தடவைகூட "என்ன வேணும் பாட்டி?" என்று கேட்டதில்லை. அன்னைக்கு வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதே தோட்டத்தில் வாழ்ந்த ரெண்டு பெரியவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, மனு எழுதிப் போட்டிருக்கோம். இன்னும் பதில் வரவில்லை. அலையத்தான் வேணும், அலைவோம். ஆனால் பத்து வருஷம் முன்னாடியே கேட்டிருந்தால் பாட்டிக்குக் காலில் தெம்பு இருந்திருக்கும், சாட்சிக்காரர்களும் இன்னும் நாலு பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். டைல்ஸ் வேணாம் என்று நான் சொல்லவில்லை. பொட்டலமும் தப்பில்லை. அதுக்கு முன்னாடி ஒரு மாசம் வீடு வீடாகப் போவோம். ஒரு வீட்டுக்கு ரெண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கணும், பெண்கள் நம்மிடம் சொல்லாததை அவங்ககிட்ட சொல்லுவாங்க. கையில் ஒரு நோட்டுப் புத்தகம். வீட்டில் யார் யார், எல்லாருக்கும் பத்திரம் சரியாக இருக்கா, பிள்ளை பள்ளிக்குப் போகுதா, ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போறாங்க என்று கேட்போம். கடைசியில், "நாங்க கேக்காதது ஏதாவது இருக்கா?" என்றும் கேட்போம். சைக்கிள் மாதிரி ஒரு பதில் அங்கேதான் வரும். கேட்டதை வெளியே பேசக் கூடாது, அது சாமி முன்னால் செய்கிற சத்தியம்.

வரும் ஞாயிறு காலைப் பூஜை முடிந்ததும் மண்டபத்தில் கூடுவோம். வர முடிகிறவர்கள் கீழே பேரைப் போடுங்க. சிரித்த அந்த அண்ணனையும் அன்போடு கூப்பிடுகிறேன். அவருக்குத்தான் இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் வழி தெரியும்.

எழுதினதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மன் துணை.