1923-இல் வந்த இரண்டு வெள்ளங்கள்

ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று, “சார், விஞ்ஞானிங்க சொல்றதை எப்படி நம்புறது? அவங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கிறாங்களே! இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்க, நாளைக்கு மாத்திடுறாங்க” என்று கேட்டான். கேட்டவன் குறும்புக்காரன்தான். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. இம்மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, அன்று சொல்லாமல் விட்ட பதிலையே எழுதிவிடலாம் எனத் தோன்றிற்று.

கதை ஒரு வெள்ளத்தைப் பற்றியது. பைபிளில் நோவாவின் காலத்துப் பெருவெள்ளம் கூறப்படுவதை அன்பர்கள் அறிவீர்கள். மலை உச்சிகளில் கடற்சிப்பிகள் கிடைப்பதற்கு அந்த வெள்ளமே காரணம் என்று ஐரோப்பாவில் கற்றோர் பலர் நெடுங்காலம் நம்பி வந்தனர். நம் சமயத்தாரோ பிற சமயத்தாரோ, எவருடைய வேதத்தையும் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த நம்பிக்கையை முதலில் சோதித்துப் பார்த்தவர்களே பாதிரிமார்கள்தாம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் கற்பித்த வில்லியம் பக்லண்ட் ஒரு பாதிரியார். 1821-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், கர்க்டேல் என்னும் குகையில் கழுதைப்புலிகளின் எலும்புகளும், அவை கடித்து மென்ற யானை, காண்டாமிருக எலும்புகளும் குவியலாகக் கிடைத்தன. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த எலும்புகள் என்றனர் சிலர். பக்லண்ட் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று காட்சி நடத்திய விலங்குக்கூடத்தில் இருந்த உயிருள்ள கழுதைப்புலிக்கு எலும்பைப் போட்டு, அது கடித்து மிச்சம் வைத்ததைக் குகை எலும்புகளோடு ஒப்பிட்டார். பல் பதிந்த அடையாளம் அப்படியே ஒத்திருந்தது! ஆகவே அவ்விலங்குகள் அங்கேயே வாழ்ந்தவை. அவற்றின் மேல் படிந்த சேறு மட்டுமே பெருவெள்ளத்தின் சேறு என்று 1823-இல் நூல் எழுதினார்.

ஆனால் அவரும் அவர் போன்றோரும் மேலும் மேலும் சுற்றிப் பார்க்கப் பார்க்க, ஒரே வெள்ளத்தின் வேலை என்று எண்ணிய சரளைக்கற் படிவுகள் ஒரே காலத்தவை அல்ல என்பது தெரியவந்தது. 1831-இல் லண்டன் நிலவியல் கழகத்தின் தலைவராக இருந்த ஆடம் செட்ஜ்விக், அவரும் பாதிரியார்தான், தாம் முன்பு சொன்னது தவறு என்று தலைவர் நாற்காலியில் இருந்தபடியே அறிவித்தார். 1836-இல் பக்லண்டும் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். பிறகு, அந்தச் சரளையில் பெரும்பகுதியை இழுத்து வந்தது பழங்காலப் பனிப்பாறைகள் என்பது விளங்கிற்று. டார்வினின் புகழ்பெற்ற நூல் வந்தது 1859-இல். டார்வின் வந்து நோவாவின் வெள்ளத்தை விரட்டினார் என்று சிலர் பேசுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், செட்ஜ்விக் அதற்கு 28 ஆண்டுகள் முந்தியவர்.

இதற்கிடையில் சார்ல்ஸ் லயல் என்பவர், இன்று நாம் கண்ணால் காணும் மழை, ஆறு, அலை, எரிமலை முதலியவை நீண்ட காலம் வேலை செய்தே பூமியின் தோற்றம் உருவாயிற்று என்று 1830 முதல் மூன்று தொகுதிகளில் எழுதினார். அருமையான கருத்து. நாளடைவில் அதுவே ஒரு கட்டளை போல ஆகிவிட்டது. ‘திடீரென்று பெருவெள்ளம் வந்தது’ என்று யாராவது சொன்னால், “இவன் பைபிளைத் தூக்கிக்கொண்டு வருகிறான்” என்று நிலவியலார் முகம் சுளிக்கும் நிலை வந்தது. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1923-ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டில் அமெரிக்காவில் இருவர் வெள்ளத்தைப் பற்றி எழுதினர். ஒருவர் ஜே ஹார்லன் பிரெட்ஸ். மற்றவர் ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ். பெயர்கள் ஒலியில் நெருங்கியவை, குழம்பிவிடாதீர்கள். ஆள்கள் நெருங்கியவர்கள் அல்லர்.

பிரெட்ஸ் முதலில் சியாட்டில் நகரில் பள்ளி ஆசிரியர்; ஆம், எங்களைப் போல! பிறகு சிகாகோவில் டாக்டர் பட்டம் பெற்று அங்கேயே பேராசிரியரானார். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே கோதுமை விளையும் பரந்த மேட்டுநிலம் இருக்கிறது. அதன் நடுவே வளமான மண்ணெல்லாம் வழித்தெடுக்கப்பட்டு, கரும்பாறை தெரியும்படி பெரும் பெரும் வாய்க்கால்கள் ஓடுகின்றன. வாய்க்கால் உண்டு, ஆறு இல்லை. அருவி விழுந்த பாறைச்சுவர் உண்டு, அருவி இல்லை. ‘உலர்ந்த அருவி’ என்றே பெயர் பெற்ற ஒன்று 120 மீட்டர் உயரமும் 5 கிலோமீட்டருக்கு மேல் அகலமும் உடையது. நயாகராவெல்லாம் அதற்கு முன்னே சின்னப் பிள்ளை. 1922 முதல் கோடைதோறும் மாணவர்களை அழைத்துக்கொண்டு பிரெட்ஸ் அந்த நிலத்தைக் காலால் அளந்தார். ஒரு மாபெரும் வெள்ளம் குறுகிய காலத்தில் பாய்ந்து செதுக்கிய நிலம் இது என்று 1923-இல் எழுதினார்.

பிரைஸ் கனடாவில் பிறந்தவர், ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், நிலவியலைத் தாமே படித்துக்கொண்டவர். அவர் 1923-இல் வெளியிட்ட 700 பக்கங்களுக்கு மேற்பட்ட பாடநூல், உலகின் பாறை அடுக்குகளையும் புதைபடிவங்களையும் நோவாவின் வெள்ளத்தைக் கொண்டே விளக்கியது. கீழே பழைய உயிர்கள், மேலே புதிய உயிர்கள் என்ற வரிசையே விஞ்ஞானிகளின் கற்பனை என்றார். அவருக்குப் பிடித்த சான்று மொண்டானா மாநிலத்துச் சீஃப் மலை. அங்கே 100 கோடி ஆண்டுக்கு மேற்பட்டது எனப்படும் பாறை மேலேயும், அதைவிட மிக இளைய பாறை கீழேயும் கிடக்கின்றன. “பார்த்தீர்களா, வரிசை தலைகீழ்!” என்பது அவர் வாதம். பூமியின் நெருக்கத்தால் பழைய பாறைப்பாளம் உடைந்து, பல மைல் தூரம் சறுக்கி, புதியதன் மேல் ஏறியிருக்கிறது என்பதே நிலவியலார் விளக்கம். சறுக்கிய இடத்தில் பாறை அரைபட்டு நொறுங்கிக் கிடப்பதைப் போய்ப் பார்க்கலாம். 1925-இல் டென்னஸி மாநிலத்தில் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததாக வழக்கு நடந்தபோது, தம் பக்கம் உள்ள விஞ்ஞானி யார் என்று கேட்கப்பட்ட பிரையன் என்னும் தலைவர் சொன்ன பெயர்களில் ஒன்று பிரைஸ்தான்.

இருவரையும் பெரியவர்கள் ஏற்கவில்லை. 1927 ஜனவரி 12 அன்று வாஷிங்டன் நகரில் பிரெட்ஸைப் பேச அழைத்து, பேசி முடித்ததும் அரசாங்க நிலவியல் துறையினர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து மறுத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அந்த நிலத்தில் கால் வைத்ததே இல்லை. அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. “இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து ஐயா வந்தது?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிரெட்ஸிடம் அன்று சரியான விடை இல்லை. ஆனால் காரணம் தெரியவில்லை என்பதற்காகக் கண்ணெதிரே கிடக்கும் தடயத்தை இல்லையென்று சொல்லலாமா? தெருவெல்லாம் நனைந்து கிடக்கிறது. மேகத்தைப் பார்க்கவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை என்பது போலல்லவா இருக்கிறது! நோவாவின் வெள்ளம் பின்வாசல் வழியாக வந்துவிடுமோ என்ற அச்சமும் அவர்களிடம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

விடை வேறொருவர் பையில் இருந்தது. ஜோசப் பார்டி என்பவர், பனியுகத்தில் மொண்டானாவின் பள்ளத்தாக்குகளைப் பனிப்பாறை அடைத்து உண்டாக்கிய மிசூலா என்னும் ஏரியைப் பற்றி 1910-இலேயே எழுதியிருந்தார். அந்தப் பனி அணையருகே ஏரியின் ஆழம் சுமார் 600 மீட்டர். நம் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் 452 மீட்டர் உயரமும் அதில் மூழ்கிப்போகும். நீரின் கொள்ளளவு 2,000 கன கிலோமீட்டருக்கு மேல். 1940-இல் சியாட்டிலில் நடந்த கூட்டமொன்றில் பார்டி எழுந்து, அந்த ஏரியின் அடித்தளத்தில் மணல் அலைகள் இருப்பதாகக் கூறினார். கடற்கரையில் விரலளவு உயரத்தில் காண்கிறோமே, அதே அலைகள்! அங்கே அவை சரளைக் கற்களால் ஆனவை; உயரம் சுமார் 10 மீட்டர். தரையில் நிற்பவனுக்குச் சிறு குன்றுகளாகவே தோன்றும். இத்தகைய அலைகள் உண்டாக வேண்டுமானால் ஏரி மெல்ல வடிந்திருக்க முடியாது. அணை உடைந்து, சில நாள்களில் அத்தனை நீரும் மேற்கே பாய்ந்திருக்க வேண்டும். பாய்ந்த இடம் பிரெட்ஸின் நிலம்.

அதற்குப் பின்னும் பலர் இறங்கி வரவில்லை. 1952-இல் ஏறத்தாழ எழுபது வயதில் பிரெட்ஸ் மறுபடியும் களத்துக்குப் போனார். வெள்ளம் ஒன்றன்று, பல முறை வந்திருக்கிறது என்று 1956-இல் அவரும் தோழர்களும் எழுதினர். 1965-இல் பல நாட்டு நிலவியலார் பேருந்தில் ஏறிப் போய் அந்த நிலத்தை நேரில் பார்த்தனர். உடல்நலம் காரணமாக வர இயலாத பிரெட்ஸுக்கு அவர்களிடமிருந்து தந்தி போயிற்று. நாங்களும் உங்கள் கட்சிக்கு வந்துவிட்டோம் என்பது அதன் கருத்து.

“அப்படியானால் பிரைஸ் கட்சியும் ஜெயித்ததுதானே? பெரியவர்கள் ஒரு வெள்ளத்தில் தவறினார்கள், இன்னொன்றிலும் தவறியிருக்கலாமே?” என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. பிரெட்ஸின் பெயரையே தங்களுக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். சரி, சாட்சியை விசாரிப்போம். அந்த வெள்ளங்கள் விட்டுச்சென்ற வண்டல் அடுக்கடுக்காக இருக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் ஒரு தனி வெள்ளம் என்றும், ஏறத்தாழ நாற்பது முறை ஏரி நிரம்பி உடைந்தது என்றும் 1980-இல் ரிச்சர்ட் வெயிட் எழுதினார். அடுக்குகளுக்கு இடையே எலி போன்ற சிறு பிராணிகள் தோண்டிய வளைகள் இருக்கின்றன. ஓரிடத்தில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் சாம்பல் படிந்திருக்கிறது. வெள்ளத்துக்கும் வெள்ளத்துக்கும் நடுவே தரை காய்ந்து, எலி வளை தோண்ட அவகாசம் இருந்திருக்கிறது. ஒரே ஆண்டில் உலகம் முழுவதையும் மூடிய வெள்ளத்துக்கு நடுவில் எலி எங்கே வளை தோண்டும்?

பிரைஸின் கட்சிக்குள்ளேயே ஒரு பிரெட்ஸ் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஹெரால்ட் கிளார்க் என்பவர் பிரைஸின் மாணவர், அவர் சபையையே சேர்ந்தவர். 1938-இல் ஓக்லஹோமா, டெக்ஸஸ் எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போனார். எண்ணெய்க் கம்பெனிக்காரனுக்கு வேதமும் வேண்டாம், டார்வினும் வேண்டாம். துளை போட்டால் எண்ணெய் வர வேண்டும். அவன் அந்தப் புதைபடிவ வரிசையை நம்பியே துளை போடுகிறான், பலனும் காண்கிறான். கிளார்க் திரும்பி வந்து, வரிசை உண்மைதான், நாம் நினைத்ததைவிட ஒழுங்காகவே இருக்கிறது என்று தம் குருவுக்கு எழுதினார். வெள்ளத்தில் அவருக்கிருந்த நம்பிக்கை போய்விடவில்லை; ஆயினும் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. குரு கோபித்துக்கொண்டார்.

1961-இல் விட்கோம் என்ற சமய அறிஞரும் மோரிஸ் என்ற நீரியல் பொறியியலாளரும் எழுதிய ஒரு நூல், பிரைஸின் வாதங்களுக்கு மறுவாழ்வு தந்தது. பள்ளிகளில் இதற்கும் சம இடம் தர வேண்டும் என்று ஆர்கன்ஸா மாநிலம் 1981-இல் சட்டம் இயற்றிற்று. 1982 ஜனவரி 5 அன்று நீதிபதி ஓவர்டன் அதைத் தள்ளினார். அவ்வழக்கைத் தொடுத்தவர்களில் கிறிஸ்துவப் பாதிரிமார்களும் பிஷப்புகளும் பலர் இருந்தனர். லூயிசியானாவின் இத்தகைய சட்டத்தை 1987-இல் உச்ச நீதிமன்றமும் தள்ளிற்று. வகுப்பில் எதைக் கற்பிக்கலாம் என்பதை நீதிபதி சொல்லலாம். பாறை எப்படி வந்தது என்பதற்குப் பாறையிடம்தான் போக வேண்டும்.

1979-இல் அமெரிக்க நிலவியல் கழகம் தன் உயர்ந்த விருதாகிய பென்ரோஸ் பதக்கத்தைப் பிரெட்ஸுக்கு வழங்கியது. அவருக்கு வயது 96. “என் எதிரிகளெல்லாம் செத்துப் போனார்கள், யாரிடம் போய் நான் இதைக் காட்டிப் பெருமை அடிப்பது?” என்று மகனிடம் குறைப்பட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவரும் காலமானார்.