ஒரே இமேஜ், பல கணினிகள்: எல்காட் முதல் கல்வராயன் மலை வரை

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. முதல் ஆண்டு டெண்டரே 9 லட்சத்துக்கு மேல். லெனோவோ, ஏசர், ஹெச்சிஎல் என்று பல கம்பெனிகள் சப்ளை செய்தன. கல்வராயன் மலைப் பள்ளிகளில் பிளஸ் டூ படித்த பிள்ளைகள் பலருக்கு வீட்டுக்கு வந்த முதல் கணினியே அதுதான். இத்தனை லட்சம் பெட்டிகளிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து ஓஎஸ் போட முடியுமா? முடியாது. அங்கேதான் 'இமேஜ்' வருகிறது.

இமேஜ் என்றால் படம் இல்லைங்க. ஒரு கணினியில் எல்லாவற்றையும் நிறுவி, அந்த டிஸ்க்கை அப்படியே ஒரு ஃபைலாக எடுத்து, மற்ற கணினிகளில் இறக்குவது. 1990களின் நடுவில் நியூசிலாந்துக்காரர் மர்ரி ஹாசார்ட் எழுதிய 'கோஸ்ட்' இந்த வேலையை எல்லோருக்கும் எளிதாக்கியது. 1998-இல் சிமான்டெக் அதை வாங்கியது.

எல்லாக் கணினியும் ஒரே மாடல் என்றால் இதில் சிக்கலே இல்லை. மாடல் மாறினால்தான் தலைவலி. எக்ஸ்பி காலத்தில் ஒரு மதர்போர்டில் எடுத்த இமேஜை வேறொன்றில் இறக்கினால், டிஸ்க் கன்ட்ரோலருக்கு டிரைவர் இல்லாமல் நீலத் திரையில் நின்றுவிடும். அதனால் மாடலுக்கு ஒரு இமேஜ் வைத்திருந்த அலுவலகங்கள் ஏராளம். இமேஜ் எடுக்கும் முன் அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்க மைக்ரோசாப்ட் 'சிஸ்பிரெப்' கொடுத்தது. விஸ்டாவோடு வந்த புது இமேஜ் வடிவம் சுமையை இன்னும் குறைத்தது.

லினக்ஸில் கதை வேறு. பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வரும். பூட் ஆகும்போது என்ன வன்பொருள் இருக்கிறது என்று பார்த்து, தேவையானதை ஏற்றிக்கொள்ளும். உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில், எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. அப்போது செலவும் வைரஸும்தான் அதிகம் பேசப்பட்டன. என்னைக் கேட்டால், பல மாடல்களுக்கு ஒரே இமேஜ் என்ற வசதியும் அதே அளவு முக்கியம். பிறகு வந்த அரசு மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது.

ஆனால் எந்த இமேஜும் எடுத்த தேதியிலேயே உறைந்து நிற்கும். அடுத்த வருடம் புது வைஃபை சிப் வந்தால் பழைய கெர்னலுக்கு அது தெரியாது. நெட் சரியாக எட்டாத மலை ஊரில் அப்டேட் எங்கிருந்து வரும்? கள்ளக்குறிச்சி சர்வீஸ் கடைகளில் நான் அடிக்கடி பார்த்த காட்சி: பிள்ளைகள் மடிக்கணினியைக் கொடுப்பார்கள், கடைக்காரர் பாஸை அழித்துவிட்டுத் தன் பென் டிரைவில் இருக்கும் விண்டோஸைப் போட்டுக் கொடுப்பார். அந்த ஊருக்கு அவர் கையில் இருந்ததுதான் 'அதிகாரபூர்வ இமேஜ்'!

கேரளத்தைப் பாருங்கள். 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டமும், 2017-இல் அதிலிருந்து உருவான கைட் நிறுவனமும் பள்ளிகளுக்கென்றே லினக்ஸ் பதிப்பைத் தயாரித்து, பாடத்திட்டத்துக்கு ஏற்பப் புதுப்பித்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தன. இங்கே கணினி கொடுத்தோம். அங்கே இமேஜைப் பார்த்துக்கொள்ள ஆட்களையும் வைத்தார்கள்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. அந்தச் சமயத்தில் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. சொல்வது எளிது. நம் அரசு அலுவலகங்களில் பல வருடக் கோப்புகள் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. யூனிகோடை அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்டாலும் பழைய கோப்புகள் தானாக மாறிவிடாது. புது இமேஜில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ஒரு பட்டா கடிதம்கூட வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். அன்றைக்கே ஊழியர் பழைய எக்ஸ்பி பெட்டிக்குத் திரும்பிவிடுவார்.

2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். புது அலுவலகம், புதுக் கணினி, கூடவே பழையதும் இருக்கும். விண்டோஸா லினக்ஸா என்ற சண்டை நமக்குப் பிடித்தமானது. அதைவிட முக்கியமாக நான் கேட்பது ஒன்றுதான்: அடுத்த வருடத்து இமேஜை உருவாக்கி, வெள்ளிமலை வரை கொண்டுபோய் இறக்கும் வேலை யாருடையது? அதற்கு ஒரு ஆளும் சம்பளமும் இல்லையென்றால், சர்வீஸ் கடை பென் டிரைவ்தான் மறுபடியும் ஜெயிக்கும்.