தூங்கி எழும் வேலைகள் - ரூல்ஸ் இன்ஜின்களின் ஞாபகசக்தி பற்றி ஒரு வரலாறு

வங்கியில் ஒருவர் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கிறார். சம்பளம், வயது, ஏற்கனவே இருக்கும் கடன் எல்லாவற்றையும் கணினி ஒரு நொடிக்குள் அலசி "முதல் கட்டம் ஓகே" என்று சொல்லிவிடுகிறது. அப்புறம்? வக்கீல் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். மதிப்பீட்டாளர் நேரில் போய் வீட்டைப் பார்க்க வேண்டும். மேலாளர் லீவு முடிந்து வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நொடியில் ஆரம்பித்த வேலை முடிய ஒன்றரை மாதம் ஆகிறது. அந்த ஒன்றரை மாதமும் அந்த விண்ணப்பம் எங்கே இருக்கிறது? கணினியின் நினைவகத்திலேயே வைத்திருந்தால் ஒரே ஒரு ரீஸ்டார்ட் போதும், கதை முடிந்தது. அதனால் வேலையைப் பாதியில் நிறுத்தி, பத்திரமாக எழுதி வைத்து, பதில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

கேட்க சாதாரண விஷயம்தான். ஆனால் இதை ஓரளவு ஒழுங்காகச் செய்யக் கணினித் துறைக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது!

1960-களின் மெயின்ஃப்ரேம்களில் ஒரு வேலை மணிக்கணக்கில் ஓடும். நடுவில் இயந்திரம் நின்றால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். ஐபிஎம்மின் ஓஎஸ்/360-ல் இதற்காகவே "செக்பாயின்ட்" என்ற வசதி இருந்தது. அவ்வப்போது நிலவரத்தை எழுதி வைத்துக்கொண்டால், கடைசியாக எழுதிய இடத்திலிருந்து தொடரலாம். அப்போலோ திட்டத்துக்கான லட்சக்கணக்கான உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க ஐபிஎம், ராக்வெல், கேட்டர்பில்லர் மூவரும் சேர்ந்து உருவாக்கிய ஐஎம்எஸ் மென்பொருள், 1968 ஆகஸ்ட் 14 அன்று கலிஃபோர்னியாவின் டவுனி நகரில் ஒரு டெர்மினலில் "ரெடி" என்று முதன்முதலாக அச்சடித்தது. இதெல்லாம் இயந்திரம் பழுதானால் தப்பிப்பதற்கான ஏற்பாடு. மனிதருக்காகக் காத்திருப்பது என்பது வேறு பிரச்சினை.

அந்த வேறு பிரச்சினையைத் தெளிவாக எழுதி வைத்தவர் ஜிம் கிரே. பரிவர்த்தனை என்ற கருத்துக்கு இலக்கணம் வகுத்தவர்களில் முக்கியமானவர், 1998-ல் டூரிங் விருது பெற்றவர். (2007 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகப் பாய்மரப் படகில் கடலுக்குப் போனவர் திரும்பவே இல்லை.) 1981-ல் அவர் எழுதிய கட்டுரை பரிவர்த்தனையின் நன்மைகளோடு அதன் எல்லைகளையும் சொல்கிறது. தரவுத்தளத்தில் ஒரு பரிவர்த்தனை நடக்கும்போது அது தொடும் வரிகளுக்குப் பூட்டுப் போடப்படும். கால் நொடி என்றால் யாருக்கும் தெரியாது. ஒன்றரை மாதம் பூட்டி வைத்தால்? வங்கியையே இழுத்து மூட வேண்டியதுதான். பரிவர்த்தனையின் அளவு கூடினால், ஒன்றையொன்று காத்து முட்டிக்கொண்டு நிற்கும் டெட்லாக் அதன் நான்காம் அடுக்கில் கூடும் என்றும் அவர் காட்டினார். அளவு இரண்டு மடங்கானால் டெட்லாக் 16 மடங்கு!

காமர்ஸ் படிப்பவர்களுக்கு அந்தக் கட்டுரையில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. கிரே அதில் கணக்குப் புத்தகத்தையும் உதாரணமாகக் காட்டுகிறார். நல்ல கணக்கர் தப்பாக எழுதிய வரியை அழிக்க மாட்டார், அதைச் சரிக்கட்ட எதிர்ப்பதிவு ஒன்று போடுவார். பதினோராம் வகுப்பில் பிழைத் திருத்தம் என்று படித்த அதே பாடம்.

1987-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் இந்த எதிர்ப்பதிவையே தீர்வாக்கினார்கள். "சாகாஸ்" என்பது அவர்கள் கட்டுரையின் பெயர். நீண்ட வேலையைச் சின்னச் சின்னப் பரிவர்த்தனைகளாக உடைத்துவிடு. ஒவ்வொன்றும் உடனுக்குடன் முடிந்து பூட்டைத் திறந்துவிடட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று நடவடிக்கையைக் கையில் வைத்துக்கொள். ஐந்தாம் படியில் தோற்றால் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று பின்னோக்கி எதிர்ப்பதிவு போட்டுக்கொண்டே வா. இன்று மைக்ரோசர்வீஸ் பேசும் எல்லோரும் "சாகா பேட்டர்ன்" என்று ஏதோ புதுச் சரக்கு போலச் சொல்கிறார்கள். சரக்கு பழசு.

இதற்கிடையே ரூல்ஸ் இன்ஜின்கள் வேறு பாதையில் வளர்ந்துகொண்டிருந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃபோர்ஜி 1970-களில் உருவாக்கிய "ரீட்டி" என்ற முறைதான் இவற்றில் பலவற்றுக்கு மூலம். லத்தீனில் வலை என்று அர்த்தம். ஆயிரம் விதி இருந்தால், ஒவ்வொரு தகவல் வரும்போதும் ஆயிரத்தையும் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. எந்த விதி எதுவரை பொருந்தியிருக்கிறது என்பதை ரீட்டி தன் வலைக்குள்ளேயே ஞாபகம் வைத்துக்கொள்ளும். புதிதாக வந்த தகவல் தொடும் இடத்தை மட்டும் பார்க்கும். 1978-ல் அதே பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மாட் ஆரம்பித்த எக்ஸ்கான், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளுக்கான ஆர்டர்களைச் சரிபார்த்தது: கேபிள் விட்டுப்போயிருக்கிறதா, பெட்டி போதுமா என்று. ஆர்டர் உள்ளே போகும், பட்டியல் வெளியே வரும், அத்தோடு சரி. அதற்கு நாளைய ஞாபகம் தேவைப்படவில்லை.

காத்திருக்கும் தொழில்நுட்பம் வளர்ந்தது அலுவலக ஃபைல்களிடம். 1993-ல் ஒர்க்ஃப்ளோ மேனேஜ்மென்ட் கோஅலிஷன் அமைந்தது. 1995-ல் அது வெளியிட்ட மாதிரியில் "ஓடுகிறது", "நிறுத்தி வைக்கப்பட்டது", "முடிந்தது" என்று ஒரு வேலையின் நிலைகளுக்குப் பெயர் கிடைத்தது. 2000-ல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் பிஸ்டாக் சர்வர் இதற்கு ஒரு ருசியான பெயர் வைத்தது: டீஹைட்ரேஷன், ரீஹைட்ரேஷன். அச்சு அசல் வற்றல் போடும் வேலை! காத்திருக்கும் வேலையின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி தரவுத்தளத்தில் காயப்போட்டுவிடும். பதில் வந்ததும் தண்ணீர் ஊற்றி எழுப்பிவிடும்.

ஆயிரம் வற்றல் காய்கிறது. வந்த பதில் எந்த வற்றலுக்கு என்று எப்படித் தெரியும்? ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், பிஇஏ மூன்றும் சேர்ந்து 2002-ல் வெளியிட்ட பீப்பெல் மொழி இதற்குப் பதில் சொன்னது. செய்திக்குள்ளேயே இருக்கும் ஆர்டர் எண் போன்ற ஒரு தகவலை அடையாளமாக அறிவித்துவிட வேண்டும். அரசுக் கடிதங்களில் "ந.க. எண்" போட்டிருப்பார்களே, அதே உத்திதான். 2007-ல் இது ஓயாசிஸ் அமைப்பின் தரநிலையானது.

சரி, விதியும் காத்திருப்பும் ஒரே வீட்டில் குடியேறியபோது என்ன ஆனது? அங்கேதான் உண்மையான தலைவலி ஆரம்பம்.

ஜாவா உலகில் ட்ரூல்ஸ் என்ற ரூல்ஸ் இன்ஜின் 2001-ல் பாப் மெக்வெர்ட்டர் ஆரம்பித்தது. ஜேபிபிஎம் என்ற ஒர்க்ஃப்ளோ இன்ஜின் டாம் பாயென்ஸ் ஆரம்பித்தது. இரண்டும் ஜேபாஸ் நிறுவனத்தின் கீழ் வந்தன. 2009-ல் வந்த ட்ரூல்ஸ் 5-ல் விதிகளும் வேலைப் படிகளும் ஒரே அமர்வில் ஓடத் தொடங்கின. அந்த வேலைப்படிப் பகுதி 2011-ல் ஜேபிபிஎம் 5 ஆனது. இப்போது சேமிக்க வேண்டியது "மூன்றாம் படியில் நிற்கிறது" என்ற ஒரு வரி மட்டும் இல்லை. ரீட்டியின் வலைக்குள் இருக்கும் ஞாபகம் முழுவதும் சேர்த்துத்தான்.

ஏன் முழுவதும்? தகவல்களை மட்டும் எழுதி வைத்து, எழுப்பும்போது மறுபடி உள்ளே போட்டால் போதாதா? போதாது. ரூல்ஸ் இன்ஜினுக்கு அவை புதுத் தகவல்கள். "வருமானம் இவ்வளவுக்குக் குறைவு என்றால் வாடிக்கையாளருக்குக் கடிதம் அனுப்பு" என்ற விதி ஒன்றரை மாதம் முன்பே வேலை செய்து முடித்திருந்தாலும், எழுந்தவுடன் மறுபடி பாயும். கடிதம் என்றால் பரவாயில்லை. பணம் அனுப்பும் விதியாக இருந்தால்? அதனால் எந்த விதி எந்தத் தகவலுக்கு ஏற்கனவே பாய்ந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சேமிக்க வேண்டும்.

அடுத்தது நகல் பிரச்சினை. அமர்வை அப்படியே பொட்டலம் கட்டித் தரவுத்தளத்தில் வைத்தால், உள்ளே இருக்கும் வாடிக்கையாளர் விவரமும் பொட்டலத்தோடு உறைந்துவிடும். நடுவில் அவர் முகவரி மாற்றினால் வாடிக்கையாளர் அட்டவணையில் புது முகவரி, பொட்டலத்தில் பழைய முகவரி. ட்ரூல்ஸ் இதற்கு வைத்த வழி, பொட்டலத்துக்குள் ஆளை வைக்காமல் ஆளின் எண்ணை மட்டும் வைப்பது. எழுப்பும்போது எண்ணைக் கொண்டு அட்டவணையிலிருந்து புது விவரத்தை எடுத்துக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் எந்தத் தகவல் அன்றைய நிலவரப்படி உறைந்திருக்க வேண்டும், எது இன்றையதாக இருக்க வேண்டும் என்பதை மென்பொருள் சொல்லாது. விண்ணப்பத் தேதியன்று இருந்த சம்பளமா, இன்றைய சம்பளமா? இது கிரெடிட் துறை முடிவு செய்ய வேண்டியது. பெரும்பாலும் அதை முடிவு செய்வது, வெள்ளிக்கிழமை சாயந்திரம் கான்ஃபிகரேஷன் ஃபைல் எழுதும் ப்ரோக்ராமர்!

எப்போது சேமிப்பது என்பதும் முக்கியம். ட்ரூல்ஸ்-ஜேபிபிஎம் வழக்கப்படி, ஒரு அழைப்பு உள்ளே வந்தால் எல்லாக் கிளைகளும் காத்திருக்கும் நிலைக்கு வரும்வரை ஓடி, பிறகு ஒரே பரிவர்த்தனையில் சேமிக்கும். நடுவில் மின்சாரம் போனால் முந்தைய பத்திரமான இடத்துக்குப் போய்விடலாம். தரவுத்தளம் பின்னே போகும், சரி. ஆனால் நடுவில் வேறொரு வங்கிக்கு அனுப்பிய பணம் பின்னே வராதே! எழுந்த இன்ஜின் அனுப்பியது தெரியாமல் மறுபடி அனுப்பும். இதற்கு இன்ஜினுக்குள் மருந்து கிடையாது. ஒவ்வொரு அனுப்புதலுக்கும் மாறாத எண் ஒன்று கொடுத்து, அதே எண் இரண்டாம் தடவை வந்தால் எதிர்ப்பக்கம் கண்டுகொள்ளாமல் விட வேண்டும்.

கடைசியாக ஆகப் பெரிய சிக்கல்: தூங்கும்போது விதியே மாறிவிடுவது.

ரூல்ஸ் இன்ஜின் விற்பவர்கள் எல்லோரும் சொன்ன ஒரே பெருமை, "விதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நிரலைத் தொட வேண்டாம்" என்பது. வேலை ஒரு நொடியில் முடியும்வரை அது பெருமைதான். ஒன்றரை மாதம் ஓடும் வேலைக்கு அதுவே ஆபத்து. பிஸ்டாக்கில் ஒரு வேலைப்படி விதித்தொகுப்பை அழைத்தால், நிறுவப்பட்டதில் ஆகக் கடைசிப் பதிப்பே ஓடும். 10-ஆம் தேதி விண்ணப்பித்தவரின் முதல் கட்டம் பழைய விதிப்படி, அடுத்த மாதம் நடக்கும் இரண்டாம் கட்டம் புது விதிப்படி. முதலில் தகுதி உள்ளவர் என்று சொல்லி, அவரும் நம்பி அட்வான்ஸ் கொடுத்த பிறகு, தகுதி இல்லை என்று சொல்லும் வாய்ப்பு அந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. எந்த நிரலிலும் பிழை இல்லை. இரண்டு கட்டமும் தனித்தனியே சரி.

மைக்ரோசாஃப்ட் 2006-ல் டாட்நெட் 3.0-வோடு கொடுத்த ஒர்க்ஃப்ளோ ஃபவுண்டேஷனிலும் இதே கதை. காத்திருக்கும் வேலையைச் சேமிக்கும் வசதி, விதிகள் எழுதும் வசதி இரண்டும் இருந்தன. ஆனால் தூங்கும் வேலையின் வரைபடத்தை மாற்றினால் எழுப்புவது பெரும்பாடு. 2010-ல் முழுதாகத் திருப்பி எழுதினார்கள், அதில் அந்த ரூல்ஸ் பகுதி காணாமல் போனது. திருப்பி எழுதிய அந்தப் பதிப்பில், ஓடிக்கொண்டிருக்கும் வேலையைப் புது வரைபடத்துக்கு மாற்றும் வசதி 2012-ல்தான் வந்தது. சேமிப்பதைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்கு, சேமித்தது பழசாவதைப் பற்றி இந்தத் துறை கவலைப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் வேறு வழி பிடித்தார்கள். அமேசானின் எஸ்டபிள்யூஎஃப் (2012), உபரில் பிறந்த கேடன்ஸ், அதிலிருந்து 2019-ல் கிளைத்த டெம்போரல் எல்லாம் நிலவரத்தைப் பொட்டலம் கட்டுவதில்லை. நடந்தவற்றை வரிசையாக எழுதி வைக்கின்றன. எழுப்ப வேண்டுமா? நிரலை முதலிலிருந்து ஓட்டு. ஏற்கனவே நடந்த படி வந்தால் திரும்பச் செய்யாமல், எழுதி வைத்த பதிலை மட்டும் கொடு. அதாவது இருப்பை எழுதி வைக்காமல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் இருப்பைக் கூட்டிக் கண்டுபிடிப்பது. மறுபடியும் கணக்கர் வேலை!

இதிலும் நிரல் மாறினால் பழைய குறிப்போடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும். அதனால் மாற்றம் செய்யும் இடத்தில் "இந்த வேலை மாற்றத்துக்கு முன்பு தொடங்கியதா, பின்பா" என்று கேட்டுப் பிரிந்துபோகும் ஒரு குறியை வைக்கிறார்கள். பழைய கிளையைக் கடைசிப் பழைய வேலை முடியும்வரை நீக்க முடியாது. 30 நாள் இலவச சந்தா என்றால் ஒரு மாதத்தில் நீக்கிவிடலாம். 20 வருஷ வீட்டுக்கடன் என்றால், அந்தப் பழைய கிளையை நீக்கப்போகிறவர் இன்று ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கலாம்.