தேர்தல் அவதூறு வழக்குகள் (அமெரிக்கா)

தேர்தல் பிரசாரத்தில் தம்மீது சுமத்தப்படும் பொய்க் குற்றச்சாட்டுகளுக்காக அமெரிக்க அரசியல்வாதிகள் அவதூறு வழக்குத் தொடுப்பது அரிது. தொடுத்து வெல்வது அதனினும் அரிது. 1964-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வகுத்த கடுமையான விதி இதற்கு முதற்காரணம். வழக்குக்கு ஆகும் காலமும் செலவும், வாதியே குறுக்கு விசாரணைக்கு உள்ளாக வேண்டிய நிலையும் பிற காரணங்கள்.

சல்லிவன் தீர்ப்பு

1960 மார்ச் 29 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில், மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்குச் செலவுக்கு நிதி கோரும் முழுப்பக்க விளம்பரம் வெளியானது. அதில் சில பிழைகள் இருந்தன. நான்கு முறை கைதான கிங் ஏழு முறை கைதானதாக அது கூறியது. அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரியில் போராடிய மாணவர்கள் பாடிய பாட்டையும் மாற்றிச் சொன்னது. அந்நகரக் காவல்துறைக்குப் பொறுப்பான ஆணையர் எல். பி. சல்லிவன், தம் பெயர் அதில் இல்லாதபோதும், வழக்குத் தொடுத்தார். அலபாமா ஜூரி அவருக்கு 5 லட்சம் டாலர் இழப்பீடு அளித்தது.

1964 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை ரத்து செய்தனர். நீதிபதி வில்லியம் பிரென்னன் எழுதிய தீர்ப்பின்படி, தம் அலுவல் நடத்தை பற்றிய அவதூறுக்கு இழப்பீடு கோரும் அதிகாரி, கூற்று பொய் என்று காட்டினால் மட்டும் போதாது. சொன்னவர் பொய்யென அறிந்தே சொன்னார், அல்லது மெய்யா பொய்யா என்பதைப் பொருட்படுத்தாமல் சொன்னார் என்பதையும் தெளிவாக மெய்ப்பிக்க வேண்டும்.

பின்வந்த தீர்ப்புகள் இவ்விதியை மேலும் இறுக்கின. லூசியானாவில் வேட்பாளர் ஒருவர் தொலைக்காட்சி உரையில் சுமத்திய குற்றச்சாட்டு தொடர்பான 1968-ஆம் ஆண்டு வழக்கில், சரிபார்க்கத் தவறியது மட்டும் குற்றமாகாது என்றது நீதிமன்றம்; கூற்றின் உண்மை பற்றிச் சொன்னவருக்கே கடும் ஐயம் இருந்திருக்க வேண்டும். 1971-இல் இவ்விதி வேட்பாளர்களுக்கும் பொருந்தும் என்று உறுதியானது.

வழக்கின் சுமைகள்

வழக்குத் தொடுத்தவரை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரிக்கலாம். வழக்குக்குத் தொடர்புடைய கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் கோரிப் பெறலாம். மறைந்து கிடந்த பிற செய்திகள் இதனால் வெளிவரக்கூடும். பலருக்குத் தெரியாதிருந்த குற்றச்சாட்டு, வழக்குச் செய்தியாக ஊரெங்கும் பரவும். பிரசாரம் சில மாதங்களில் முடிகிறது; வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. மேலும், வேட்பாளர்களின் விளம்பரங்களைத் தணிக்கை செய்யக் கூட்டரசுச் சட்டம் இடந்தராததால், அவற்றை ஒளிபரப்பும் நிலையங்கள்மீது அவதூறு வழக்கு நிற்காது என்று 1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கோல்டுவாட்டர் வழக்கு

வெற்றி பெற்ற அரிய வழக்கு பேரி கோல்டுவாட்டருடையது. 1964-இல் அவர் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக இருந்தபோது, ரால்ஃப் கின்ஸ்பர்க் நடத்திய 'ஃபாக்ட்' இதழ் 12,356 மனநல மருத்துவர்களுக்கு வினாத்தாள் அனுப்பியது. விடையளித்த 2,417 பேரில் 1,189 பேர் அவர் மனநிலையால் பதவிக்குத் தகுதியற்றவர் என்றதாக வெளியிட்டது. மருத்துவர்களின் விடைகள் திருத்தப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. சல்லிவன் விதி கேட்ட சான்று அதனால் கிடைத்தது. 1968-இல் ஜூரி இழப்பீடாக 1 டாலரும் தண்டத்தொகையாக 75,000 டாலரும் விதித்தது. தேர்தலில் அவர் தோற்று அப்போது மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

பிற நாடுகள்

பிரிட்டனில் எதிர் வேட்பாளர் பற்றிப் பொய் பரப்பிய ஃபில் வூலஸின் நாடாளுமன்றத் தேர்தல் வெற்றியை 2010-இல் தேர்தல் நீதிமன்றம் செல்லாததாக்கியது. 1994-இல் 'நக்கீரன்' ஆசிரியர் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சல்லிவன் தீர்ப்பை எடுத்தாண்டு, அதிகாரிகளின் அலுவல் பற்றிய செய்திகளுக்கு அதையொத்த காப்பை அளித்தது. ஆயினும் இந்தியாவில் அவதூறு இன்றும் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக நீடிப்பதால், அரசியல்வாதிகள் அவதூறுப் புகார் அளிப்பது அங்கு வழக்கமாக உள்ளது.

அதிகாரத்தில் இருப்போரை அஞ்சாமல் விமர்சிக்கும் உரிமையைச் சல்லிவன் விதி காத்துவருகிறது. அதன் விலையை, பொய்யால் தோற்று நிவாரணம் பெற இயலாத வேட்பாளரும் அவரைப் பற்றித் தவறாக அறிந்து வாக்களித்த மக்களும் செலுத்துகின்றனர்.