ஓவியர் வாசகரானபோது: ஆதியாகமம் 22-இன் மௌனமும் ரெம்பிராண்டின் மூன்று ஈசாக்குகளும்

கிறிஸ்தவ ஓவியத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பலரும் கி.பி. 600-ஐ ஒட்டித் திருத்தந்தை முதலாம் கிரகோரி எழுதிய கடிதங்களில்தான் தொடங்குகிறார்கள். மர்செய் நகர ஆயர் செரேனுஸ், மக்கள் வணங்கத் தலைப்படுகிறார்கள் என்று அஞ்சித் தம் கோயில்களில் இருந்த உருவங்களை உடைத்துப்போட்டார். கிரகோரி அவரைக் கண்டித்தார். எழுத்தறிந்தவர் நூலிலிருந்து பெறுவதை எழுத்தறியாதவர் ஓவியத்திலிருந்து பெறுகிறார் என்பது அவர் வாதம். மேற்கு ஐரோப்பியத் திருச்சபையில் உருவங்கள் நிலைத்ததில் இந்த வாதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் ஓவியரைப் பற்றிய ஒரு முடிவும் அதில் அடங்கியிருந்தது. வேதத்தின் பொருளை அறிந்தவர்கள் வேறு. ஓவியர் அதைக் கண்ணுக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர் மட்டுமே. ஓவியரே வேதத்தை வாசித்து, அதில் தயங்கி நின்று, தமக்கென ஒரு புரிதலை எட்டுபவர் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. அந்த இடம் பின்னர் எப்படி உண்டாயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வசனத்துக்கு ஓவியம் எவ்வளவு பொருந்துகிறது என்று அளந்து இதற்கு விடை காண முடியாது என்று கருதுகிறேன். வசனம் சொல்லாமல் விட்ட இடத்தில் ஓவியர் என்ன செய்தார் என்பதே அவர் வாசித்தாரா இல்லையா என்பதைக் காட்டும். அதற்கு ஆதியாகமத்தின் 22-ஆம் அதிகாரத்தைவிடப் பொருத்தமான களம் வேறில்லை.

மகனைப் பலியிடும்படி ஆபிரகாமுக்குக் கட்டளை வருகிறது. அவர் அதிகாலையில் எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டுகிறார், விறகு பிளக்கிறார், மூன்றாம் நாள் அந்த இடத்தைத் தொலைவில் காண்கிறார். வேலைக்காரரை நிறுத்திவிட்டு விறகை மகன்மேல் ஏற்றுகிறார்; நெருப்பும் கத்தியும் அவர் கையில். ஆட்டுக்குட்டி எங்கே என்று மகன் கேட்க, கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிறார். பலிபீடம், கட்டுதல், கத்தி, வானிலிருந்து தூதனின் அழைப்பு, புதரில் சிக்கிய ஆட்டுக்கடா. இவ்வளவு செயல்களைச் சொல்லும் அதிகாரம் தந்தை என்ன நினைத்தார், மகன் என்ன உணர்ந்தான் என்று ஒரு சொல்லும் சொல்வதில்லை. இறுதியில் ஆபிரகாம் திரும்பி வந்தார் என்று இருக்கிறது. ஈசாக்கு உடன் வந்தானா என்பது கூட இல்லை. எரிக் அவுவர்பாக் 1946-இல் வெளியிட்ட ‘மிமேசிஸ்’ நூலின் முதல் அதிகாரத்தில் இந்த மௌனத்தை ஹோமரின் வெளிப்படையான விவரிப்போடு ஒப்பிட்டு, எபிரேயக் கதைசொல்லலின் ஆழம் அது சொல்லாததில் இருக்கிறது என்று நிறுவினார். இலக்கிய விமர்சனம் 20-ஆம் நூற்றாண்டில் வகுத்துரைத்த இந்த உண்மையை ஓவியர்கள் அதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே தம் கைவேலையில் கண்டிருந்தார்கள்.

ஆனால் அவர்கள் தொடக்கத்திலேயே அதைக் கண்டுவிடவில்லை. இடைக்காலத்தில் ஈசாக்கின் பலி தனிக் கதையாக வரையப்பட்டதைவிட, கிறிஸ்துவின் சிலுவைக்கு முன்னடையாளமாக வரையப்பட்டதே அதிகம். 15-ஆம் நூற்றாண்டில் மரக்கட்டை அச்சில் பரவிய ‘ஏழைகளின் வேதாகமம்’ என்ற 40 பக்க நூலில் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு புதிய ஏற்பாட்டுக் காட்சியும், அதன் இருபுறத்திலும் பழைய ஏற்பாட்டுக் காட்சிகளும் அமைந்தன. சிலுவையின் ஒருபுறம் ஆபிரகாமும் ஈசாக்கும், மறுபுறம் மோசேயின் வெண்கலப் பாம்பு. இந்த அமைப்பில் ஈசாக்கின் அச்சத்துக்கு வேலையில்லை. அவன் சுட்டவேண்டியது வேறொருவரின் மரணத்தை. 1401-இல் புளோரன்ஸ் நகரின் துணிவணிகர் சங்கம் ஞானஸ்நான மண்டபத்தின் வெண்கலக் கதவுகளுக்காக நடத்திய போட்டியிலும் இதே பொருள்தான் தரப்பட்டது. கிபெர்த்தியும் புருனெல்லெஸ்கியும் செய்த பலகைகள் இன்றும் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் உள்ளன. கிபெர்த்தியின் தூதன் வானிலிருந்து கை நீட்டுகிறான். புருனெல்லெஸ்கியின் தூதன் பாய்ந்து வந்து ஆபிரகாமின் கையைப் பிடித்துவிடுகிறான். வசனப்படி தூதன் கூப்பிடுகிறான், தொடுவதில்லை. குரலை வெண்கலத்தில் வார்க்க முடியாது என்பதால் புருனெல்லெஸ்கி அதைப் பிடியாக்கினார். இது சிற்பியின் கூர்மை. ஆயினும் தந்தை மகன் உறவைப் பற்றி வசனத்திடம் அவர் புதிய கேள்வி எதையும் கேட்கவில்லை.

வாசிப்பு ஓவியரின் கைக்கு வந்தது சீர்திருத்த இயக்கத்தால்தான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. கத்தோலிக்கத் தரப்பில் 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் வழக்கத்துக்கு மாறான உருவங்களுக்கு ஆயரின் ஒப்புதல் வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தது. பத்தே ஆண்டுகளில் வெனிசில் வெரோனேசே தம் விருந்துக் காட்சியில் கோமாளியையும் ஜெர்மானிய வீரர்களையும் ஏன் சேர்த்தார் என்று விசாரணை மன்றத்தின் முன் பதில் சொல்லவேண்டியிருந்தது. ஆனால் அதே திருச்சபைக்குள்தான் லொயோலா இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ 1548-இல் அச்சேறியது. நற்செய்தி நிகழ்ச்சி நடந்த இடத்தை மனக்கண்ணில் கட்டியெழுப்பி, வழியின் நீளத்தையும் குகையின் உயரத்தையும் கூட எண்ணிப் பார்க்கும்படி அது பயிற்றுவித்தது. 1603-ஐ ஒட்டிக் கரவாஜ்ஜோ வரைந்து இன்று உஃபீசியில் இருக்கும் ஈசாக்கின் பலியில் பையன் வாய்விட்டு அலறுகிறான். தந்தையின் பெருவிரல் அவன் கன்னத்தில் அழுந்துகிறது. பலியாகப் போகிறவனுக்கு ஓர் உடல் உண்டு என்பதை வேறு எவரும் இவ்வளவு அப்பட்டமாகச் சொன்னதில்லை. ஆகவே தனிமனிதத் தியானம் புரொட்டஸ்டண்டுகளின் தனிச்சொத்து அன்று. வேறுபாடு எங்கே என்றால், கரவாஜ்ஜோ ஒரு மதகுருவுக்காக, ஒருமுறை, ஒரு கணத்தை வரைந்தார். அந்த அதிகாரத்துக்கு மீண்டும் மீண்டும் திரும்பி வந்து தம் முந்தைய வாசிப்பைத் தாமே திருத்தும் சூழல் வேறொரு நாட்டில் உருவாயிற்று.

நெதர்லாந்தில் 1566-இல் சீர்திருத்தச் சபையினர் கோயில்களுக்குள் புகுந்து உருவங்களை உடைத்தார்கள். அதன்பின் அச்சபையின் ஆலயச் சுவர்கள் வெள்ளையாகவே இருந்தன. ஓவியருக்கு இது பேரிழப்பு. பீட ஓவியம் என்ற தொழிலே அங்கு முடிந்தது. ஆனால் பீடம் போனபோது, பீடத்துக்கு எதை எப்படி வரையவேண்டும் என்று சொல்லித்தந்த அதிகாரமும் உடன் போனது. வேதக் காட்சிகள் வீடுகளுக்கும் அச்சோவியம் சேகரிப்போரின் கோப்புகளுக்கும் இடம் பெயர்ந்தன. 1618-இல் கூடிய தோர்ட் பேரவையின் முடிவின்படி எபிரேயத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் மொழிபெயர்க்கப்பட்ட டச்சு வேதாகமம் 1637-இல் விளிம்புக் குறிப்புகளோடு வெளிவந்தது. வாங்குபவரும் வரைபவரும் ஒரே நூலை ஒரே மொழியில் வாசித்தவர்கள். ஓவியர் வசனத்தில் எந்த இடத்தில் நின்றார் என்பதை வாங்குபவர் கண்டுகொள்வார் என்ற நம்பிக்கை இத்தகைய சமூகத்தில்தான் சாத்தியம்.

ரெம்பிராண்ட் ஈசாக்கிடம் முதலில் வந்தது 1635-இல், 29 வயதுக்குள். இன்று ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஓவியம் ஆளுயரத்துக்கும் மேலானது. ஆபிரகாமின் பெரிய கை மகனின் முகம் முழுவதையும் மூடி அழுத்துகிறது, கழுத்து விரிந்து கிடக்கிறது. தூதன் மணிக்கட்டைப் பிடிக்க, கத்தி கைநழுவிக் காற்றில் விழுகிறது. இது நாடகத்தின் உச்சம், இளம் ஓவியரின் ஆற்றல் முழுவதும் இதில் உண்டு. ஆயினும் அவருடைய ஆசான் லாஸ்ட்மனின் பட்டறை மரபும், தூதன் கையைப் பிடிக்கும் பழைய இத்தாலியச் சைகையும் இதில் தெளிவாகத் தெரிகின்றன. முகத்தை மூடும் கை ஒன்றுதான் வசனத்தின் மௌனத்தை நோக்கிய முதல் அசைவு: தான் செய்யப்போவதை மகன் காணக்கூடாது, மகனின் கண்களைத் தானும் காணக்கூடாது.

பத்தாண்டு கழித்து, 1645-இல், எட்சிங் எனப்படும் செப்புத் தகட்டு அச்சில் அவர் அதே அதிகாரத்துக்குத் திரும்பினார். இப்போது பலி இல்லை, தூதன் இல்லை. விறகோடு நிற்கும் பையனும், ஒரு கையை நெஞ்சில் வைத்து மறு கையால் மேலே சுட்டிப் பேசும் தந்தையும் மட்டுமே. ஓவிய மரபில் அதிகம் தீண்டப்படாத இந்தக் கணத்தை அவர் தேர்ந்தது தற்செயலாகாது. 22-ஆம் அதிகாரம் முழுவதிலும் தந்தையும் மகனும் பேசிக்கொள்வது இந்த ஓரிடத்தில்தான். ஆபிரகாமின் மறுமொழி பொய்யா, நம்பிக்கையா, மகனைத் தேற்றும் தவிப்பா என்று வசனம் சொல்லவில்லை. ரெம்பிராண்டும் முடிவுகட்டவில்லை, மேலே சுட்டும் கை கடவுளைக் காட்டுகிறது, நெஞ்சில் வைத்த கை தன்னுள் இருப்பதை அடக்குகிறது. மையோடு அச்சிட்ட சில கோடுகளில் இரண்டு கைகள் இரண்டு பதில்களைச் சொல்வதை இந்த அச்சோவியத்தின் மிகப் பெரிய சாதனை என்று நான் கருதுகிறேன். அழகுணர்ச்சியால் மட்டும் இதற்கு வந்துசேர முடியாது; அந்த வாக்கியத்தை நின்று வாசித்திருக்கவேண்டும்.

மூன்றாவது 1655-இல் வந்த எட்சிங், உயரம் 16 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஈசாக்கு கட்டப்படவில்லை; தந்தையின் மடிமேல் சாய்ந்து மண்டியிட்டிருக்கிறான். ஆபிரகாமின் கை இப்போது முகத்தை அழுத்தாமல் கண்களை மட்டும் மறைக்கிறது. தூதன் பின்னாலிருந்து வந்து தந்தையின் இரு கைகளையும் பற்றி, அவரையும் மகனையும் சேர்த்து அணைத்துக்கொள்கிறான். கட்டப்படாத ஈசாக்கு ஆதியாகமத்தில் இல்லை. யூத வரலாற்றாசிரியர் யோசேப்புஸ் முதல் நூற்றாண்டில் எழுதிய ‘யூதரின் தொன்மைகள்’ நூலில் இருக்கிறான்: அங்கே தந்தை மகனிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்ல, மகன் மகிழ்ந்து உடன்பட்டுத் தானே பலிபீடத்துக்கு விரைகிறான். 1656-இல் கடனில் மூழ்கிய ரெம்பிராண்டின் உடைமைகளைப் பட்டியலிட்டவர்கள் குறித்த மிகச் சில நூல்களில் ஒரு பழைய வேதாகமமும், படங்களோடு கூடிய ஜெர்மன் மொழி யோசேப்புஸும் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்து வாசித்த ஒருவரின் வேலையாகவே இந்த அச்சோவியம் தோன்றுகிறது. யோசேப்புஸிடமிருந்து உடன்பாட்டை எடுத்துக்கொண்டார், மகிழ்ச்சியை விட்டுவிட்டார். அவருடைய ஆபிரகாமின் முகத்தில் மகிழ்ச்சிக்கான தடயமே இல்லை.

இங்கே இரண்டு எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்லவேண்டும். முதலாவது கலை வரலாற்றாளர்களுடையது: படங்கள் படங்களிலிருந்தே பிறக்கின்றன. பட்டறையில் கற்றதையும் அச்சோவியச் சேகரிப்பில் கண்டதையும் மாற்றியமைத்தே ஓவியர் வேலை செய்கிறார். வாசிப்பு என்று நாம் பெருமைப்படுத்துவது வெறும் வடிவக் கடன். ரெம்பிராண்ட் பெரும் சேகரிப்பாளர் என்பதால் இந்த வாதம் வலுவானது, அதன் பெரும்பகுதியை ஏற்கிறேன். தூதனின் பிடி அவர் கண்டுபிடித்ததல்ல. ஆனால் 1635-இல் அந்தப் பிடி கத்தியைத் தடுக்கிறது, 1655-இல் அது தந்தையைத் தாங்குகிறது. கடன் வாங்கிய சைகை ஒன்றே. அது செய்யும் வேலை மாறியதற்கு எந்த முன்மாதிரிப் படமும் காரணம் சொல்லாது. இரண்டாவது வாதம் வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருவது: 1635-க்குப் பின் அவர் பிள்ளைகள் சிலரைப் பச்சிளம் பருவத்தில் இழந்தார், 1642-இல் மனைவி சஸ்கியா இறந்தார், 1655-இல் மகன் டைட்டஸ் ஏறக்குறைய ஈசாக்கின் வயதில் இருந்தான், ஆகவே மாற்றம் துயரத்திலிருந்து வந்தது. மனதைத் தொடும் விளக்கம்தான். ஆனால் 17-ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமில் பிள்ளையைப் புதைக்காத வீடு அரிது. துயரம் எல்லோருக்கும் இருந்தது, 1645-இன் உரையாடல் காட்சி அவருக்குத்தான் வந்தது. துயரம் ஒருவரை வசனத்திடம் அனுப்பலாம். அங்கே எந்த வாக்கியத்தில் நிற்கவேண்டும் என்பதை அது கற்றுத்தராது.

மரபுவழி இறையியலாளர் மூன்றாவதாக ஒன்று கேட்கக்கூடும்: வசனத்தில் கட்டப்பட்டவனைக் கட்டவிழ்த்ததும், கூப்பிட்ட தூதனைத் தொடவைத்ததும் வேதத்தைத் திருத்துவதாகாதா? கட்டு அவிழ்ந்ததைப் பற்றிய கேள்வியில் நியாயம் இருக்கிறது, அது துணிச்சலான மாற்றம். ஆயினும் ரெம்பிராண்ட் கட்டளையை மென்மையாக்கவில்லை. கத்தி அங்கேதான் இருக்கிறது. மற்றபடி அவர் சேர்த்தவை எல்லாம் வசனம் வாய்திறக்காத பக்கத்தில், தந்தைக்கும் மகனுக்கும் இடையே. வெளிச்செயலில் வசனமே தலைமை. உள்ளத்தைப் பற்றி வசனம் எதுவும் சொல்லாததால் அங்கே அதற்கு எதிராகப் பேசவும் இயலாது. இந்த எல்லையை அவர் அறிந்தே நடந்தார் என்பதற்கு அடுத்த ஆண்டின் ஓர் அச்சோவியம் சான்று.

1656-இல் அவர் 18-ஆம் அதிகாரத்துக்குப் போனார்: ஆபிரகாம் மூன்று விருந்தினரை உபசரிக்க, முதிய சாராளுக்குப் பிள்ளை பிறக்கும் என்ற வாக்குறுதி கிடைக்கும் காட்சி. மேற்கத்திய மரபு அவர்களை மேசையில் உட்காரவைத்துப் பழகியது. ரெம்பிராண்ட் தரையில், விரிப்பின்மேல் உட்காரவைத்தார். இந்த அமைப்பு இந்தியாவிலிருந்து வந்தது. கப்பல் வணிகத்தின் வழியே ஆம்ஸ்டர்டாமை எட்டிய முகலாயச் சிற்றோவியங்களை அவர் 20-க்கு மேற்பட்ட கோட்டோவியங்களாகப் பெயர்த்து வரைந்திருக்கிறார். மரத்தடியில் அமர்ந்த நான்கு முதியவர்களைப் பெயர்த்த கோட்டோவியம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்பரின் அவைக்கு 1580-இல் இயேசு சபையினர் ஆன்ட்வெர்ப்பில் அச்சான பன்மொழி வேதாகமத்தைக் கொண்டுசென்றதை எண்ணினால், போக்குவரத்து இருவழியாகவே நடந்திருக்கிறது. ஆபிரகாமின் உலகம் கிழக்கினது என்பதால் கிழக்கின் ஓவியத்திலேயே அதன் இருக்கை முறையைத் தேடியது வாசகரின் முறையான தேடல். ஆனால் இந்த அச்சோவியத்தில் அதைவிட முக்கியமானது பின்னணியில் இருக்கிறது. விருந்தினருக்கு முதுகைக் காட்டி, வில்லோடு ஒரு சிறுவன் நிற்கிறான். 18-ஆம் அதிகாரத்தில் அப்படி ஒரு சிறுவன் இல்லை. வில்வித்தை 21-ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஆகார் பெற்ற இஸ்மவேல், ஈசாக்கு பிறந்தபின் தாயோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே வில்லாளனாக வளர்கிறான். அது வெற்றிடத்தை நிரப்பும் உருவம் என்று தள்ளிவிடலாம் என்றால், கையில் வில் எதற்கு? ஆகாரையும் சிறுவனையும் ஆபிரகாம் அனுப்பிவிடும் காட்சியை ரெம்பிராண்ட் 1637-லேயே தகட்டில் பொறித்திருந்தார். ஆகவே ஒரு பிள்ளைக்கு வாக்குறுதி தரப்படும் வேளையில், அதனால் வீடிழக்கப்போகும் இன்னொரு பிள்ளையை அவர் தெரிந்தே அங்கே நிறுத்தியிருக்கிறார்.